தரை போட்டது ஒருத்தர், காசு வாங்கினது ஒருத்தர்

நம்ம வீடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல பழைய வீடு வாங்குறதப் பத்தி எழுதறப்ப, கடைசியா தரை வேலையப் பத்தி ரெண்டே வரிதான் எழுதினேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. படிச்சா எல்லாம் ஒரே கதை மாதிரிதான் இருக்கு: பெரிய கடைக்குப் போனோம், பிடிச்ச பலகையக் காட்டினோம், நாங்களே ஆள் அனுப்பிப் போட்டுத் தர்றோம்னாங்க, பெரிய கடையாச்சேன்னு நம்பிப் பணம் கட்டினோம், இப்ப யாரும் ஃபோன் எடுக்கல. வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் வேலைல நானும் இதைத்தான் மாசம் ஒரு தடவையாவது பாக்கறேன். அதனால இந்த இதழ் முழுக்க தரைதான்.

அண்ணா, நாங்க டெக்சாஸ்ல ப்ளேனோல இருக்கோம். போன டிசம்பர்ல ஹால், டைனிங், ரெண்டு பெட்ரூம் சேத்து 1,100 சதுர அடிக்கு வினைல் பிளாங்க் (மரம் மாதிரி தெரியற பிளாஸ்டிக் பலகை) வாங்கி கடை மூலமாவே போட்டோம். மூணு மாசத்துல ஹால் நடுவுல நடந்தா டக் டக்னு சத்தம், ஒரு இடத்துல ரெண்டு பலகைக்கு நடுவுல கிரெடிட் கார்டு நுழையுது. ஊர்லேந்து வந்த அம்மா வெறுங்கால்ல நடந்து பாத்துட்டு இங்க தரை அமுங்குதுடின்னாங்க, அப்பறம்தான் எங்களுக்கே புரிஞ்சுது. கடைல கேட்டா பலகை செஞ்ச கம்பெனிய கேளுங்கறாங்க, அந்தக் கம்பெனி போட்டவங்க தப்புங்குது, போட்டவர் நம்பர் வேலையே செய்யல. யாரைப் பிடிக்கறது?

கடையப் பிடிங்கம்மா. கடைய மட்டும் பிடிங்க. மத்த ரெண்டு பேரையும் பிடிக்க வேண்டியது கடையோட வேலை.

இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா யாருகிட்ட பேசணும்னு தெளிவாயிடும். கடைல உங்ககிட்ட பேசினவரு சேல்ஸ் ஆளு. வீட்டுக்கு லேசர் வெச்சு அளவெடுக்க வந்தவரு பல சமயம் வேற கம்பெனி. வேலைய எடுத்தது ஒரு இன்ஸ்டாலேஷன் கம்பெனி, அவங்க கடைகிட்ட கான்ட்ராக்ட் எடுத்தவங்க. கடைசியா காலைல வேன்ல வந்து முட்டி போட்டு பலகை அடிச்ச ரெண்டு பேரு அந்தக் கம்பெனிக்கும் சொந்த ஆளு இல்ல, சதுர அடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவங்க. நாலு கை மாறி வர்றப்ப உங்க தரை சமமா இருக்கான்னு பாக்கற பொறுப்பு எங்கயோ நடுவுல விழுந்து போயிடுது. ஆனா உங்க பேப்பர்ல யாரு பேரு இருக்கு, உங்க கார்டுலேந்து யாரு பணம் எடுத்தாங்க? கடை. ஒப்பந்தம் கடையோடதான்.

இப்ப அந்த டக் டக் சத்தத்துக்கு வருவோம். உங்க ஊர்ல பெரும்பாலும் வீடு கான்கிரீட் ஸ்லாப் மேலதான் நிக்குது, ஸ்லாப் பாக்க சமமா தெரிஞ்சாலும் ஏத்தமும் பள்ளமும் இருக்கும். நீங்க போட்டிருக்கறது ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற பலகை, ஆணியும் கிடையாது பசையும் கிடையாது, ஸ்லாப் மேல சும்மா மிதந்துட்டு இருக்கு. அந்தப் பூட்டோட நாக்கு ரொம்ப மெல்லிசு. அடியில பள்ளம் இருந்தா ஒவ்வொரு தடவை மிதிக்கறப்பவும் அது கொஞ்சம் வளையும், ஒரு நாளைக்கு நூறு தடவை வளைஞ்சா மூணு மாசத்துல உடையும், அப்பறம் பலகை நகர்ந்து இடைவெளி வரும். அம்மா கால் பொய் சொல்லல. நாம வீட்டுக்குள்ள செருப்பு போடாத ஜனங்க, ஷூ போட்டுட்டு நடக்கறவங்களுக்குத் தெரியாதது நமக்கு உள்ளங்கால்ல தெரிஞ்சுடும்.

மிதக்கற தரைக்குப் பொதுவா சொல்ற அளவு, 10 அடி நீளத்துல 3/16 இன்ச்சுக்கு மேல ஏத்த இறக்கம் கூடாது, 6 அடில பாத்தா 1/8 இன்ச். நீங்களே பாக்கலாம். 6 அடி லெவல் கட்டை ஒண்ணு எடுத்து சத்தம் வர்ற இடத்துல படுக்க வைங்க, கட்டைக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு குவார்ட்டர் (25 சென்ட்) காசை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித் தள்ளிப் பாருங்க. ரெண்டு காசு சேந்தா மூணரை மில்லிமீட்டர், 1/8 இன்ச்ங்கறது மூணேகால் மில்லிமீட்டர்கூட இல்ல. காசு தாராளமா உள்ள போச்சுன்னா அளவு தாண்டிடுச்சு. காசோட சேத்து போட்டோ எடுங்க, கட்டைல இருக்கற நம்பர் தெரியற மாதிரி எடுங்க, நாலஞ்சு இடத்துல எடுங்க.

அடுத்து அந்தப் பலகை வந்த அட்டைப்பெட்டிய தேடுங்க. உள்ள ஒரு இன்ஸ்டாலேஷன் கைடு இருந்திருக்கும், இல்லன்னா கம்பெனி சைட்ல கிடைக்கும். அதுல தரை எவ்வளவு சமமா இருக்கணும், ஈரம் எவ்வளவு இருக்கலாம், சுவத்துலேந்து எவ்வளவு இடைவெளி விடணும்னு எல்லாம் எண்ணோட போட்டிருப்பாங்க. கம்பெனி வாரண்டி இல்லன்னு சொல்றதே இந்த கைடு படி போடலங்கறதாலதான், அதாவது கம்பெனி சொல்ற பதிலே கடைக்கு எதிரான சாட்சி. அந்த பதில எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

கடைக்கு ஃபோன் பண்றத இன்னியோட நிறுத்துங்க, ஈமெயில்ல எழுதுங்க, கூடவே சர்ட்டிஃபைடு மெயில்ல (நம்ம ஊர் பதிவுத் தபால் மாதிரி) ஒரு காப்பி. கோவமா எழுத வேணாம், மூணு கேள்வி போதும்: போடறதுக்கு முன்னாடி ஸ்லாப் சமமா இருக்கான்னு யாரு அளந்தாங்க, என்ன எண் வந்துச்சு? ஈரம் அளந்தாங்களா, என்ன எண் வந்துச்சு? எந்தத் தேதிக்குள்ள வந்து பாப்பீங்க? முதல் ரெண்டுக்கும் அவங்ககிட்ட பதில் இருக்காது, நான் பாத்த வரைக்கும் அப்படித்தான். ஆள் வந்து பாத்துட்டு இடைவெளில பசை ஊத்தித் தர்றேன்னா ஒத்துக்காதீங்க. பக்கத்துச் சுவத்துலேந்து அந்த இடம் வரைக்கும் பலகையக் கழட்டி, பள்ளத்த லெவலிங் கலவை போட்டு நிரப்பி, பூட்டு உடைஞ்சதத் தூக்கிப் போட்டுட்டு புதுப் பலகை போடணும், அதுதான் வைத்தியம்.

அப்பவும் மசியலன்னா தரைக்குன்னே சர்ட்டிஃபிகேட் வாங்கின தனி இன்ஸ்பெக்டர் இருக்காங்க, சில நூறு டாலர் ஆகும், அந்த ரிப்போர்ட் வந்தப்பறம் பேச்சே மாறும். டெக்சாஸ்ல ஜஸ்டிஸ் கோர்ட்ல, அதாவது சின்னத் தொகை வழக்குக்கான சின்ன கோர்ட்ல, 20,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேஸ் போடலாம், 2020 செப்டம்பர்லேந்து அந்த வரம்பு. நுகர்வோர் ஏமாற்று சட்டத்துல போறதா இருந்தா 60 நாளைக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும், அதையும் சர்ட்டிஃபைடு மெயில்லயே அனுப்புங்க. அதுக்கு முன்னாடி கடையோட ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன்னு, அதாவது கோர்ட்டுக்குப் போகாம நடுவர்கிட்டதான் தீத்துக்கணும்னு, ஒரு பத்தி இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் சின்ன கோர்ட்டுக்கு விலக்கு குடுத்திருப்பாங்க பல இடத்துல.

சார், நியூஜெர்சி எடிசன்லேந்து எழுதறேன். ஃப்ரீ இன்ஸ்டாலேஷன்னு போர்டு போட்டிருந்தத நம்பிப் போனேன். கடைசில பழைய கார்ப்பெட் பிடுங்க தனி, சோஃபா நகத்த தனி, சுவரோரம் மரச்சட்டம் அடிக்க தனி, 13 படிக்கட்டுக்கு படிக்கு இவ்வளவுன்னு தனி, மொத்தத்துல இலவசம்னு சொன்ன கூலி 2,300 டாலர் ஆச்சு. அதுல 700 டாலருக்கு வேலை அன்னிக்குதான் சொன்னாங்க. குடுத்துட்டேன், திரும்பக் கேக்க முடியுமா?

ஃப்ரீ இன்ஸ்டாலேஷன்னா காலியான, சமமான, சதுரமான ஒரு ரூம்ல பலகைய விரிச்சுட்டு போறதுன்னுதான் அவங்க கணக்கு, அப்படி ரூம் யாரு வீட்டுலயும் கிடையாது. கார்ப்பெட் பிடுங்கறது, அதைக் கொண்டுபோய் போடறது, கதவு அடிய அறுக்கறது, டாய்லெட்டைக் கழட்டி மாட்டறது, லெவலிங், படி, எல்லாம் தனிக் கணக்கு. படி உண்மையிலயே நேரம் பிடிக்கற வேலை, அதுக்குக் காசு கேக்கறது தப்பில்ல, முன்னாடியே சொல்லாததுதான் தப்பு.

உங்க மாநிலத்துல சட்டம் உங்க பக்கம் நல்லாவே இருக்கு. வீட்டு வேலை 500 டாலருக்கு மேல போனா ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், நடுவுல மாத்தினா அந்த மாத்தமும் எழுத்துல இருக்கணும். அந்த 700-க்கு நீங்க எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா, அவரு டேப்லெட்ட நீட்டி இங்க ஒரு கையெழுத்துன்னு சொன்னப்ப என்னன்னு பாக்காம போட்டிருந்தாகூட அந்தக் காப்பிய கேட்டு வாங்குங்க. போடலன்னா மாநில கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் டிவிஷன்ல (நுகர்வோர் துறை) புகார் குடுங்க, அங்கதான் வீட்டு வேலை செய்யற கம்பெனி எல்லாம் பதிவு பண்ணிருக்கணும், பதிவு நம்பர் இருக்கான்னும் பாருங்க. நியூஜெர்சி நுகர்வோர் மோசடி சட்டத்துல நஷ்டத்த நிரூபிச்சா மூணு மடங்கு தரணும், அந்த சட்டத்தோட பேர கடிதத்துல ஒரு வரி எழுதினாலே மேனேஜர் உக்காந்து படிப்பாரு. சின்ன கோர்ட் வரம்பு அங்க 5,000 டாலர், உங்களுக்குத் தாராளம்.

அண்ணை, நாங்கள் கனடாவில மார்க்கத்தில இருக்கிறம். பெரிய கடையொண்டில குசினிக்கும் ஹோலுக்கும் மாபிள் பதிக்கிறதுக்கு 6,200 டொலர் எண்டு எஸ்டிமேட் எழுதித் தந்தவை. பழைய தரையைக் கிளப்பின உடன கீழ பலகை உக்கிப் போச்சு எண்டு சொல்லி வேலையை நிப்பாட்டிப்போட்டு இப்ப 8,900 கேக்கினம். வீட்டில சமைக்கேலாமல் கிடக்கு. குடுக்கத்தான் வேணுமோ?

உங்க ஒன்ராறியோ மாகாண சட்டப்படி எஸ்டிமேட்ட விட 10 சதவீதத்துக்கு மேல வாங்க முடியாதுங்க. உங்க கணக்குல 6,820 டாலர். அதுக்கு மேல வாங்கணும்னா கூடுதல் வேலைய விலையோட சொல்லி நீங்க சம்மதிச்சிருக்கணும். கையெழுத்து எதுவும் போட்டிருக்கீங்களான்னு முதல்ல பாத்துக்கோங்க.

ஆனா ஒண்ணு, பலகை நிஜமாவே உக்கியிருந்தா அதுக்கு மேல மாபிள் பதிக்க விடாதீங்க. அடி ஆடினா மாபிளுக்கு நடுவுல இருக்கற பூச்சு முதல்ல வெடிக்கும், அப்பறம் மாபிளே வெடிக்கும், அப்ப 6,200-உம் போச்சு. எந்த இடம், எத்தனை சதுர அடி உக்கியிருக்குன்னு போட்டோவோட கேளுங்க, நீங்களே ஒரு ஸ்க்ரூடிரைவர எடுத்து அந்த இடத்துல குத்திப் பாருங்க, மெத்துனு இறங்கினா உக்கினதுதான். டிஷ்வாஷர் பக்கம் நாலு பலகை மாத்தறதுக்கு 2,700 டாலர் ஆகாது. அந்த இடத்துக்கு மட்டும் தனி விலை எழுதி வாங்கி, அதுக்கு மட்டும் சம்மதம் குடுங்க. அப்படியே அந்த ஈரம் எங்கேந்து வந்துச்சுன்னும் பாத்துடுங்க, கசிவ அடைக்காம பலகைய மாத்தி பிரயோஜனம் இல்ல.

வணக்கம் அண்ணா, கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல புது வீடு, சாவி வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு. இன்னும் 9 நாள்ல கிரகப்பிரவேசம், பத்திரிகை எல்லாருக்கும் அனுப்பியாச்சு. கீழ கான்கிரீட்ல எஞ்சினியர்டு ஹார்ட்வுட் (மேல நிஜ மரம், அடில ஒட்டுப்பலகை) பசை போட்டு ஒட்டித் தர்றோம், ரெண்டு நாள் வேலைதான்னு கடைல சொல்றாங்க, ஆனா பலகை வரவே 6 நாள் ஆகுமாம். போட்டுடலாமா?

வேணாங்க. கெஞ்சிக் கேக்கறேன், வேணாம்.

நான் பாத்த தரைப் பிரச்சினைல பாதிக்கு மேல இந்த முகூர்த்த அவசரத்துலதான் ஆரம்பிச்சிருக்கு. எங்க வீட்டுலயும் அப்படித்தான், நல்ல நாள் தள்ளிப் போகக் கூடாதுன்னு வேன்லேந்து இறக்கின பெட்டிய அன்னிக்கே பிரிச்சுப் போட வெச்சேன். சித்திரைல போட்டது, ஆடி முடியறதுக்குள்ள ஜன்னல் பக்கம் பலகை ஓரமெல்லாம் தூக்கி நடுவுல குழிவிழுந்து ஓட்ட மல்லாத்தி வெச்ச மாதிரி வரிவரியா நின்னுச்சு. கடைக்காரங்க வந்து ஈரம் குத்திப் பாத்துட்டு, சார் இது ஸ்லாப்லேந்து வர்ற ஈரம், எங்க பொறுப்பு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. போடறதுக்கு முன்னாடி அதே மெஷின ஒரு தடவை குத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும், அதை கேக்கணும்னு எனக்கு அப்ப தெரியல. என் மனைவி அந்த ஜன்னலோரம் ரெண்டு வருஷம் பாய் விரிச்சு மூடி வெச்சிருந்தா.

கான்கிரீட் காயறதுக்கு ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு தோராயக் கணக்கு சொல்லுவாங்க, 4 இன்ச் ஸ்லாப்னா நாலு மாசம், புது வீட்டுல இது ரொம்ப முக்கியம். வெளில காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். சரியா பாக்கறதுக்கு ஸ்லாப்ல ஓட்டை போட்டு, கனத்துல 40 சதவீத ஆழத்துக்கு ஒரு ப்ரோப (ஈரம் அளக்கற கருவி) இறக்கி, ஒரு நாள் விட்டு உள்ள இருக்கற ஈரப்பதத்தப் படிப்பாங்க. அந்த எண் பசை கம்பெனியும் பலகை கம்பெனியும் சொல்ற வரம்புக்குள்ள இருக்கணும். அதை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மரப் பலகையும் உங்க வீட்டுக் காத்துக்குப் பழகணும், ஏசியோ ஹீட்டரோ நீங்க தினம் வாழற மாதிரி ஓடிட்டு இருக்கற வீட்டுல, கைடுல சொன்ன நாள் வரைக்கும் கிடக்கணும். ஆறாவது நாள் வந்து இறங்கி எட்டாவது நாள் ஒட்டினா அதுக்கு நேரமே இல்ல.

இன்னொண்ணு யோசிங்க. அன்னிக்கு ஹோமம் வளப்பீங்க, செங்கல் அடுக்கி குண்டம் வெச்சாலும் சூடு கீழ இறங்கும், நெய் சிந்தும், அறுபது பேர் வந்து போவாங்க. அதெல்லாம் வெறும் கான்கிரீட் மேல நடக்கட்டும். கோலம்கூட அதுல அழகா விழும். பால் காச்சி, பூஜைய முடிச்சு, அடுத்த மாசம் நிதானமா தரை போட்டுக்கோங்க.

பணத்தப் பத்தி ஒரு வார்த்தை. உங்க மாநிலத்துல வீட்டு வேலை ஒப்பந்தத்துக்கு முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், ரெண்டுல எது கம்மியோ அதுக்கு மேல கேக்கக் கூடாது. பொருளத் தனி பில்லா போட்டு முழுப்பணம் கேப்பாங்க, அப்படின்னா எது பொருளுக்கு எது கூலிக்குன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. பெரிய கடைன்னா பணம் பத்திரம்னு நினைக்க வேணாம், நாடு முழுக்க கடை வெச்சிருந்த எல்எல் ஃப்ளோரிங் 2024 ஆகஸ்ட்ல திவால் மனு போட்டுச்சு. போடற கம்பெனிக்கு தரை வேலைக்கான சி-15 லைசன்ஸ் இருக்கான்னு மாநில லைசன்ஸ் போர்டு சைட்ல நம்பரப் போட்டுப் பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

பாஸ்டன் பக்கத்துல 1956-ல கட்டின வீடு வாங்கியிருக்கோம். ரெண்டு குழந்தைங்க, சின்னவளுக்கு ஒண்ணரை வயசு. கீழ பேஸ்மென்ட்ல சின்னச் சின்ன சதுர வினைல் டைல் இருக்கு, கருப்புப் பசை. கடைலேந்து வர்றவங்க எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு புதுசு போடறோம், சுவரோரப் பட்டையும் பிடுங்கிடுவோம்ங்கறாங்க. ஏதாவது கவனிக்கணுமா?

நிறுத்துங்க. ஆள் வர்ற தேதிய இன்னிக்கே தள்ளிப் போடுங்க.

ஸ்கேல் வெச்சு அந்த டைல அளந்து பாருங்க. 9 இன்ச்சுக்கு 9 இன்ச்னா அஸ்பெஸ்டாஸ் (மூச்சுல போனா நுரையீரலக் கெடுக்கற நார்) இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், அந்தக் கருப்புப் பசைலயும் இருக்கலாம். 12 இன்ச்னாலும் அந்தக் காலத்து டைல்னா நம்பிட முடியாது. உடையாம ஒட்டிட்டு இருக்கற வரைக்கும் பெருசா ஆபத்து இல்ல, சுரண்டினா, தேச்சா, உடைச்சாதான் தூள் காத்துல வரும், ஒண்ணரை வயசுக் குழந்தை அந்தத் தரைலதான் தவழும். லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க, இருந்துச்சுன்னா அதுக்குன்னு லைசன்ஸ் உள்ளவங்கதான் எடுக்கணும். பல வீட்டுல எடுக்காமலே அப்படியே மேல மூடிப் புதுத் தரை போட்டுடறாங்க, அதுவும் சரியான வழிதான்.

சுவரோரப் பட்டைல இருக்கறது பெயின்ட் பிரச்சினை. 1978-க்கு முன்னாடி கட்டின வீட்டுல ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம்னு எடுத்துக்கிட்டு, பிளாஸ்டிக் கட்டி, தூசி பறக்காம, பயிற்சி எடுத்த ஆளுதான் வேலை செய்யணும்னு 2010 ஏப்ரல்லேந்து மத்திய சுற்றுச்சூழல் துறையோட விதி இருக்கு. உங்க மாநிலத்துல அதை மாநில அரசே நடத்துது. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஈயத்தப் பத்தின அரசாங்கக் கையேடு ஒண்ணு உங்க கைல குடுத்திருக்கணும். குடுத்தாங்களா?

இதை சின்ன விஷயம்னு கடைல யாராவது சொன்னா, 2020 டிசம்பர்ல ஹோம் டிப்போங்கற பெரிய கடை 2 கோடியே 7.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிட்டத சொல்லுங்க. அதுல உங்க மாசசூசெட்ஸ் மாநிலமும் ஒரு கட்சி. வேலை செஞ்சது கடையோட சொந்த ஆளு இல்ல, கடை அனுப்பின கான்ட்ராக்டருங்கதான், இருந்தும் சர்ட்டிஃபிகேட் உள்ளவங்கள அனுப்பறது கடையோட பொறுப்புன்னு அரசாங்கம் நின்னுச்சு. 2014-லயே இதே விஷயத்துக்கு லோஸ்ங்கற இன்னொரு பெரிய கடை 5 லட்சம் டாலர் கட்டியிருக்கு. போட்டவர் எங்க ஆளு இல்லன்னு கடை சொல்றப்பல்லாம் எனக்கு இந்த ரெண்டு வழக்கும்தான் ஞாபகம் வரும்.

சார்லட்லேந்து எழுதறேன் சார். கடையோட கார்டுல 18 மாசம் வட்டி இல்லன்னு 7,400 டாலருக்கு தரை போட்டேன். வேலை பாதில கெடக்கு, ரெண்டு ரூம் போடவே இல்ல. மாசக் கட்டணத்த நிறுத்திடலாமா?

சும்மா நிறுத்திடாதீங்க தம்பி, கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும். முறைப்படி தகராறு போட்டுட்டு அந்தத் தகராறுத் தொகைய மட்டும் நிறுத்தி வைங்க, அதுக்குச் சட்டம் இடம் குடுக்குது. சொன்னபடி வேலை முடிச்சுத் தரலங்கறது கார்டு சட்டத்துல பில்லிங் தப்புன்னே கணக்கு, முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பின நாள்லேந்து 60 நாளைக்குள்ள எழுத்துல அனுப்பணும், ஸ்டேட்மென்ட்ல பில்லிங் விசாரணைக்குன்னு தனி விலாசம் இருக்கும், பணம் கட்டற விலாசத்துக்கு அனுப்பினா செல்லாது. 60 நாள் தாண்டிருந்தாலும் மனசு விட வேணாம், கடைகிட்ட முதல்ல நியாயமா கேட்டுப் பாத்துட்டு, இன்னும் கட்டாம இருக்கற பாக்கித் தொகைக்கு கார்டு கம்பெனிகிட்டயே அந்த வாதத்த வைக்க இன்னொரு வழி இருக்கு. பாக்கிய முழுசா அடைச்சுட்டா அந்த வழி மூடிடும்.

அந்த 18 மாசக் கணக்குல ஜாக்கிரதை. 18-வது மாசக் கடைசில ஒரு டாலர் பாக்கி இருந்தாகூட வாங்கின நாள்லேந்து மொத்த வட்டியும் சேத்துப் போடற வகை கார்டா அதுன்னு பாருங்க, கடைக் கார்டுல அதுதான் சகஜம். தேதிய காலண்டர்ல எழுதி வைங்க.

அட்லாண்டால இருக்கோம். மாமியார் ஊர்லேந்து வந்து ஆறு மாசம் இருந்தாங்க, தினமும் பக்கெட்ல தண்ணி வெச்சு நல்லா தொடைப்பாங்க. இப்ப லேமினேட் பலகை ஓரமெல்லாம் உப்பிப் போச்சு. கடைல தண்ணியால வந்தது, வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லித்தானே வித்தாங்க?

லேமினேட்டுக்கு உள்ள இருக்கறது மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை, தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பெட்டில வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்தா எத்தனை மணி நேரம் வரைக்கும், மேல சிந்தின தண்ணிக்கா, ஈரத் துணி போட்டுத் தொடைக்கலாமான்னு வாரண்டில எழுதியிருப்பாங்க, அதைப் படிச்சுட்டுதான் கேக்க முடியும். வீடு பூரா ஒரே மாதிரி உப்பியிருந்தா நேர்மையா சொல்றேன், போட்டவங்க தப்பு இல்ல. ஃப்ரிட்ஜ் பக்கமோ டிஷ்வாஷர் பக்கமோ மட்டும்னா அங்க ஒரு கசிவு இருக்கு, அது வீட்டு இன்ஷூரன்ஸ்ல கேக்க வேண்டியது.

மாமியார்கிட்ட கோவப்படாதீங்கம்மா. மொசைக் தரைலயும் ரெட் ஆக்சைடு தரைலயும் வாழ்ந்தவங்க, அந்தத் தரை தொடைக்கத் தொடைக்க மின்னும், அவங்க கைக்கு அதுதான் பழக்கம். அடுத்த தடவை வர்றப்ப பிழிஞ்ச மைக்ரோஃபைபர் மாப் ஒண்ணு வாங்கி வைங்க.

அங்கிள், சியாட்டில்ல இருக்கேன், முதல் வீடு. அடுத்த வியாழக்கிழமை கடைலேந்து தரை போட வர்றாங்க. லீவு போட்டிருக்கேன். அன்னிக்கு நான் என்ன பாக்கணும்?

லீவு போட்டது நல்ல காரியம் தம்பி. வேலைக்கு முந்தின நாளே சுவர், கதவு, படி, டிஷ்வாஷர் எல்லாத்தையும் வீடியோ எடுத்துடுங்க, கீறல் விழுந்தா முன்னாடியே இருந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. வந்தவங்க கிட்ட மரியாதையா பேசி, டீயோ தண்ணியோ குடுங்க, அவங்க கூலி நீங்க கட்டின பணத்துல ஒரு பங்குதான், முட்டி தேய வேலை செய்யறவங்க.

பெட்டிய பிரிக்கறதுக்கு முன்னாடி நீங்க கேட்ட கலர்தானா, எல்லாப் பெட்டிலயும் லாட் நம்பர் (ஒரே தடவைல செஞ்ச சரக்குன்னு காட்டற எண்) ஒண்ணுதானான்னு பாருங்க, வேற வேற லாட்னா நிறம் லேசா மாறும். குறை தெரியற பலகைய ஒட்டிட்டா ஏத்துக்கிட்டதா அர்த்தம்னு கைடுலயே எழுதியிருக்கும், அதனால நாலஞ்சு பெட்டிலேந்து பலகைய எடுத்து வெளிச்சத்துல பரப்பிப் பாத்துட்டு அப்பறம் ஆரம்பிக்கச் சொல்லுங்க. பழசப் பிடுங்கினதும் வெறும் தரைய போட்டோ எடுங்க, லெவல் கட்டை வெச்சுப் பாக்கறாங்களான்னு பாருங்க, பாக்கலன்னா உங்க கட்டைய குடுங்க. சுவத்தோரம் இடைவெளி விடாம இடிச்சுப் போட்டா அப்பவே சொல்லுங்க, மரச்சட்டம் அடிச்சப்பறம் தெரியாது.

சாயந்தரம் வேலை முடிஞ்சதும் ஒரு டேப்லெட்ட நீட்டுவாங்க, வேலை திருப்தின்னு கையெழுத்து கேப்பாங்க, அவங்களுக்கு அது இல்லன்னா கூலி வராது, வேன் வாசல்ல ஸ்டார்ட்ல நிக்கும், உங்களுக்கும் பாவமா இருக்கும். அஞ்சு நிமிஷம் கேளுங்க. செருப்பக் கழட்டிட்டு ஒவ்வொரு ரூமா மூலைலேந்து மூலைக்கு நடங்க, அமுங்கற இடத்துல, சத்தம் வர்ற இடத்துல, கீறல்ல எல்லாம் நீல டேப் ஒரு துண்டு ஒட்டுங்க, எல்லாக் கதவையும் திறந்து மூடுங்க, டாய்லெட்ட கழட்டி மாட்டியிருந்தா ஃப்ளஷ் பண்ணி அடில விரலால தொட்டுப் பாருங்க. டேப் ஒட்டினது இருந்தா, இன்னின்ன பாக்கின்னு எழுதிட்டு அதுக்குக் கீழ கையெழுத்து போடுங்க, எழுத இடம் இல்லன்னா கடைக்கு ஃபோன் போட்டு அந்த ஆளுங்க முன்னாடியே சொல்லுங்க. நீல டேப் தெரியற போட்டோவ அன்னிக்கு ராத்திரியே கடைக்கு ஈமெயில்ல அனுப்பிடுங்க. மிச்சமான பலகை ரெண்டு பெட்டியத் திருப்பித் தராதீங்க, கட்டிலுக்கு அடியில தள்ளி வைங்க, அதே லாட் மறுபடி கிடைக்காது.